புதிய துப்பாக்கி உறையைப் பழக்கும் விதம்

புதிதாக வந்த தோலுறையில் ரிவால்வரைச் செருகினால் அது முக்கால் தூரம் போய் நின்றுவிடும். அழுத்தித் தள்ளினால் உள்ளே போகும். ஆனால் உருவும்போது துப்பாக்கியோடு உறையும், உறையோடு இடுப்புவாரும் மேலே எழும்பி வரும். முதன்முறையாகத் தோலுறை வாங்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அளவு மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டி உறையைத் திருப்பி அனுப்புகிறார்கள். இன்னும் சிலர் கைக்குக் கிடைத்த எண்ணெயை எடுத்து உள்ளே தடவுகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட உறை வேறொருவருக்காவது பயன்படும். எண்ணெய் குடித்துத் துவண்ட உறையை எவராலும் மீட்க முடியாது. அந்த முதல் வாரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, அதற்குக் காரணம் என்ன என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் டெக்சஸில் வாழ்கிறேன். வார இறுதிகளில் ரிவால்வருடன் சுடுகளத்துக்குப் போவதும், தோல் வேலை செய்கிறவர்களின் பட்டறைகளில் நின்று வேடிக்கை பார்ப்பதும் எனக்குப் பிடித்தவை. இந்த மாநிலத்தில் துப்பாக்கி உறை அன்றாடப் பொருள். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பிய ஒருவர் உரிமம் பெறாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனால் வெளியே தெரியும்படி எடுத்துச் சென்றால் அது உறைக்குள் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு, அது வேறு கட்டுரைக்கு உரியது. உறை என்பது துப்பாக்கியை வைக்கும் பை மட்டுமல்ல, துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கருவிகளில் அதுவும் ஒன்று என்ற எண்ணத்தோடு மேலே செல்கிறேன்.

உறையின் இறுக்கத்தைப் புரிந்துகொள்ளத் தோலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல உறைகள் மரப்பட்டைச் சத்தில் பதனிட்ட மாட்டுத் தோலில் செய்யப்படுகின்றன. அமெரிக்காவில் இவ்வகைத் தோலுக்குப் பெயர்பெற்றவை இரண்டு: செயின்ட் லூயிஸ் நகரில் 1881-இல் தொடங்கிய ஹெர்மன் ஓக், கனடாவின் டொராண்டோவில் 1867-இல் தொடங்கிப் பிற்பாடு பென்சில்வேனியாவுக்கு இடம்பெயர்ந்த விக்கெட் அண்ட் கிரெய்க். திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தோலின் வாசனை புதிதல்ல. நம் ஊரில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாக ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கப்பலேறிய காலம் உண்டு. ஓக், செஸ்ட்நட், மிமோசா, ஆவாரை என்று மரம் எதுவானாலும் பட்டையில் இருக்கும் டானின் செய்யும் வேலை ஒன்றே. அது தோலின் கொலாஜன் இழைகளுக்கு இடையே புகுந்து நிரம்பி, தோலைக் கனமாகவும் விறைப்பாகவும் ஆக்குகிறது.

குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் இப்படி நடந்துகொள்ளாது. கைப்பை, மேலங்கி, சோபா ஆகியவற்றில் நாம் தொடும் மென்மையான தோல் பெரும்பாலும் குரோம் தோல்தான். அதை நனைத்து ஓர் உருவத்தின் மேல் அழுத்திக் காயவைத்தாலும் காய்ந்தபின் அது பெரும்பாலும் தன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பட்டைத் தோல் அப்படியல்ல. ஈரமாக இருக்கும்போது கொடுத்த வடிவத்தைக் காய்ந்தபின்னும் பிடித்துக்கொள்ளும். உறைத் தொழில் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, ஒட்டி, தைத்து முடித்த உறையைச் சில நொடிகள் வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுக்கிறார்கள். தோல் நீரைக் குடித்ததும் இழைகளின் பிணைப்பு தளர்கிறது. அதற்குள் துப்பாக்கியின் அச்சு அசலான, சுட முடியாத, நீல நிற வார்ப்பு ஒன்றைச் செருகுகிறார்கள். பிறகு வழவழப்பான எலும்புக் கருவியால், தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையான சிலிண்டரின் விளிம்பு, விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம், குழலுக்குக் கீழுள்ள தண்டு என ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் தோலை அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோலின் மேற்பரப்பில் உள்ளிருக்கும் வார்ப்பின் கோடுகள் எழுந்து வருகின்றன. அதன் பிறகு மிதமான சூட்டில், 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், காயவைக்கிறார்கள். நீர் வெளியேறும்போது இழைகள் நெருங்கிப் புதிய இடத்தில் உறைந்துவிடுகின்றன. காய்கையில் தோல் சிறிதளவு சுருங்கவும் செய்கிறது. நம் கைக்கு வரும் உறை வார்ப்பைவிட நூலிழை அளவு சிறியதாக இருப்பது இதனால்தான். செய்தவர் அந்த இறுக்கத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். தளர்வாகச் செய்து கொடுத்தால் முதல் நாள் எல்லோரும் மகிழ்வார்கள், ஓராண்டில் அது தொளதொளத்துப் போகும்.

எல்லாக் காலத்திலும் உறை இப்படி இருந்ததில்லை. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்கள் அணிந்த எம்1916 உறை, மேலே மூடி வைத்த ஒரு தோல் பைதான். துப்பாக்கியைப் பிடித்து வைத்தது அந்த மூடி, தோலின் இறுக்கம் அல்ல. மூடியைத் திறந்துவிட்டால் துப்பாக்கி வழுக்கிக்கொண்டு வரும். 1920-களில் எல் பாசோ நகரில் காவல் பணியில் இருந்த டாம் த்ரீபெர்ஸன்ஸ், அதே ஊரில் தோல் பொருள் கடை வைத்திருந்த எஸ்.டி. மைரஸ் மூலம் செய்வித்த உறை வேறு வகை. தேவையற்ற தோலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, விசைக்காப்பு வளையம் தையல் விளிம்பின் கனத்த தோலில் ஆப்புப் போல உட்காரும்படி அதை அமைத்தார்கள். மூடி இல்லாமலேயே அந்த ஓரிடத்துப் பிடி துப்பாக்கியைத் தாங்கியது. அந்த உறையில் விசை வெளியே தெரியும். இன்றைய அறிவுக்கு அது ஏற்றதல்ல, இப்போது அந்த வடிவத்தைச் செய்கிறவர்களில் பலர் விசையை மூடியே செய்கிறார்கள். ஆனால் உறையின் பிடி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது அந்த வடிவம் என்பது என் கருத்து. அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் அதன் பின் வந்தவர். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட காம்பாட் மேக்னம் ரிவால்வர் உருவாகத் தூண்டுகோலாக இருந்தவர் அவர். அவர் பெயரில் ஓக்லஹோமாவின் டான் ஹியூம் செய்த உறை, துப்பாக்கியை உடலிலிருந்து சற்று விலக்கி, அசையாமல் நிறுத்தியது. 1970-களில் புரூஸ் நெல்சன், மில்ட் ஸ்பார்க்ஸ் போன்ற கைவினைஞர்கள் துப்பாக்கியின் ஒவ்வொரு வளைவையும் தோலில் எழுப்பும் நுணுக்கத்தைப் பரவலாக்கினார்கள். நாம் இன்று வாங்கும் உறை அந்த வழியில் வந்தது. ஆகவே அதன் இறுக்கமும் பழக்கும் வேலையும் அந்த வழியோடு சேர்ந்தே வந்துவிட்டன.

இனி, உறைக்குள் நடக்கும் உராய்வுகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. சில நமக்குத் தேவையானவை. விசைக்காப்பு வளையம் தோலின் பள்ளத்தில் போய் உட்கார்வது, சிலிண்டருக்கு முன்னால் தோல் உள்வாங்கி நிற்பது ஆகிய இரண்டும் துப்பாக்கியை நாம் ஓடினாலும் குனிந்தாலும் விழாமல் காப்பவை. இவற்றைக் குறைக்கவே கூடாது. வேண்டாத உராய்வுகளும் உண்டு. தோலின் உட்புறம் என்பது ஒரு காலத்தில் சதையோடு ஒட்டியிருந்த புறம், எனவே அதில் நுண்ணிய இழைகள் சிலும்பி நிற்கும். அந்தச் சிலும்பல் குழல் முழுவதையும் பற்றி இழுக்கும். குறிபார்ப்பதற்காகக் குழல் நுனியில் வைத்திருக்கும் குறிமுள் தோலில் கீறிக்கொண்டு வரும். உறையின் வாய்ப்பகுதி உள்நோக்கி மடங்கியிருந்தால் திரும்பச் செருகும்போது தடுக்கும். பழக்குதல் என்று நான் சொல்வது, முதல் வகை உராய்வைத் தொடாமல் இரண்டாம் வகையை மட்டும் தேய்த்து அகற்றுவது. எண்ணெயும் தண்ணீரும் இந்த வேறுபாடு அறியாதவை. அவை தொட்ட இடமெல்லாம் தோலைத் தளர்த்திவிடும்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதில் சலுகையே கிடையாது. ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து, தோட்டா செருகும் ஒவ்வொரு குழியையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, காலி என்று உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்கள் நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது, வீட்டின் வேறு அறையில் பூட்டி வைக்க வேண்டும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பட்டறைகளில் பயன்படுத்தும் நீல வார்ப்பு உங்கள் துப்பாக்கிக்கு விலைக்குக் கிடைத்தால் பழக்கும் வேலை முழுவதையும் அதை வைத்தே செய்வது மிகச் சிறந்தது. உண்மையான துப்பாக்கியைக் கடைசியில் ஒருமுறை பொருத்திப் பார்த்தால் போதும்.

முதலில் உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாகத் தட்டுங்கள். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் உதிர்ந்த தோல் துகள், நூல் துணுக்கு, சில நேரம் உப்புத்தாளின் மணல் கூட உள்ளே தங்கியிருக்கும். இந்த மணலோடு துப்பாக்கியை உருவி உருவிச் செருகினால் இரும்பின் நீலப்பூச்சில் கோடு விழும். துப்பாக்கியைத் தேய்த்தது தோல் என்று பலரும் குறைப்படுகிறார்கள், பெரும்பாலும் தேய்ப்பது தோலில் ஒட்டிய தூசிதான். பிறகு ஒரு சிறு விளக்கை உள்ளே காட்டி, பசைக் கட்டி ஏதும் தையலோரம் துருத்தி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அதைச் செய்தவரிடமே திருப்பிக் கொடுப்பது முறை, அது பழக்கத்தால் தீரும் குறை அல்ல.

அடுத்து மெழுகுத்தாள். சமையலறையில் பலகாரம் சுற்றப் பயன்படுத்தும் அதே தாள்தான். அதைத் துப்பாக்கியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, குழல் நுனியைத் தாண்டி மடித்துவிட்டு, உறைக்குள் நிதானமாக அழுத்திச் செருக வேண்டும். தாளின் கனம் தோலை எல்லாப் பக்கமும் சமமாக, மிகச் சிறிதளவு, வெளியே தள்ளும். தாளில் உள்ள மெழுகு சிலும்பி நிற்கும் இழைகளின் மேல் படிந்து அவற்றைப் படுக்க வைக்கும். முழுதும் உட்கார்ந்தபின் துப்பாக்கியை இடமும் வலமுமாக ஓர் அரிசி மணியின் கனம் அளவுக்குத் திருப்பிவிட்டு, அப்படியே ஓர் இரவு விட்டுவிடலாம். மெழுகுத்தாள் இல்லாவிட்டால் மிக மெல்லிய பிளாஸ்டிக் பையும் உதவும், ஆனால் இரும்போடு சேர்த்துப் பிளாஸ்டிக்கைப் பல நாள் வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் தேங்கித் துரு பிடிக்கும். துப்பாக்கியைச் சுற்றித் துணி சுற்றுவதை நான் ஏற்கமாட்டேன். துணியின் கனம் அதிகம், மடிப்பும் விழும். மடிப்பு விழுந்த இடத்தில் தோல் தேவைக்கு மேல் விரிந்துவிடும்.

மறுநாள் காலையில் தாளை எடுத்துவிட்டுச் செருகிப் பார்த்தால் வேறுபாடு கையில் தெரியும். போதவில்லை என்றால் மறு இரவும் அதையே செய்யலாம். மாட்டுத் தோலுறைகள் பெரும்பாலும் சில இரவுகளில் வழிக்கு வந்துவிடும். குதிரைத் தோல் அப்படி எளிதில் இணங்காது. அதன் இழைகள் மாட்டுத் தோலைவிட நெருக்கமானவை. அதனால் மெல்லியதாக வெட்டினாலும் விறைப்பாக நிற்கும், வியர்வையையும் நன்றாகத் தாங்கும், உட்புறமும் வழவழப்பாக இருக்கும். ஆனால் பழகுவதற்குக் கூடுதல் பொறுமை கேட்கும். வெயில் காலத்தில் இடுப்போடு ஒட்டி அணிகிறவர்களுக்கு அந்தப் பொறுமை வீண்போகாது.

இனி உட்புறத்தை வழவழப்பாக்கும் வேலை. எனக்கு இதில் பேரார்வம் உண்டு, ஏனெனில் தோல் எவ்வளவு நுட்பமான பொருள் என்பது இங்கேதான் புலப்படும். காலித் துப்பாக்கியைத் தாள் இல்லாமல் பலமுறை நேராக உருவிச் செருகியபின் விளக்கைக் காட்டி உள்ளே பாருங்கள். உராயும் இடங்கள் தாமாகவே மினுமினுக்கத் தொடங்கியிருக்கும். குறிமுள் போகும் தடம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் மினுமினுப்புக்குப் பதிலாகச் சிராய்ப்பும் பொடியும் தெரிந்தால், முள் தோலைச் சீவுகிறது என்று பொருள். குறிமுள்ளின் பின்புறத்தில் தோல் பொடி அடைந்திருப்பதையும் காணலாம். என் மாடல் 19 ரிவால்வரில் (மேலே சொன்ன காம்பாட் மேக்னம்தான்) இருப்பது பாஃமன் வகைக் குறிமுள். பின்பக்கம் சரிவாக இறங்கும் அந்த வடிவம், உறையிலிருந்து சிக்காமல் வருவதற்கென்றே அமைந்தது. பேட்ரிட்ஜ் வகை முள்ளின் பின்பக்கம் செங்குத்தாக நிற்கும். இலக்கைக் குறிபார்க்க அது மிகத் தெளிவானது, ஆனால் உருவும்போது அந்தச் செங்குத்து முகம்தான் தோலை முதலில் எதிர்கொள்கிறது. நல்ல உறைகளில் இதற்கென ஒரு வாய்க்காலை அழுத்தி விட்டிருப்பார்கள். அது ஆழம் போதாமல் இருந்தால், முனை மழுங்கிய, நன்றாக இழைத்த கட்டைவிரல் கனமுள்ள மரக்குச்சி ஒன்றை எடுத்து, அந்தத் தடத்தில் மட்டும், மேலிருந்து கீழாக ஒரே திசையில், அழுத்தித் தேய்க்க வேண்டும். நீர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். தேய்ப்பின் சூடும் அழுத்தமுமே இழைகளைப் படியவைத்து மெருகேற்றிவிடும். தோல் வேலைக்காரர்கள் விளிம்புகளுக்கு மெருகு கொடுப்பதும் இதே முறையில்தான், அவர்கள் கூடவே கொஞ்சம் பிசின் சேர்ப்பார்கள். தேய்த்து முடித்தபின் வெள்ளை மெழுகுவர்த்தியின் பக்கத்தால் அந்தத் தடத்தில் ஒரே ஒரு கோடு இழுத்து, மறுபடி குச்சியால் தேய்த்துவிட்டால் போதும். விசைக்காப்பு வளையம் உட்காரும் பள்ளத்தின் பக்கம் மெழுகும் குச்சியும் போகவே கூடாது.

உட்புறம் முழுவதும் மெல்லிய தோலை இன்னொரு அடுக்காக ஒட்டித் தைத்த உறைகளும் உண்டு. அவற்றில் வழவழப்பான முகம் உள்ளே பார்த்திருக்கும், ஆகவே இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்வேட் எனும் சிலும்பல் தோலை உள்ளே ஒட்டிய உறைகளைப் பார்த்தால் கண்ணுக்கு மென்மையாகத் தெரியும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஸ்வேடின் சிலும்பலில் தூசியும் ஈரமும் தங்குகின்றன, அவை இரண்டும் இரும்புக்குப் பகை.

கட்டைவிரலால் திறக்கும் பட்டை வைத்த உறையானால் இன்னொரு சிக்கல் வரும். புதிதில் அந்தப் பட்டையின் பொத்தான் எட்டவே எட்டாது, ஒரு நெல்மணி நீளம் குறைவது போலத் தோன்றும். பட்டை நீள வேண்டும், ஆனால் நனைத்து இழுக்கக் கூடாது. மெழுகுத்தாள் சுற்றிய காலித் துப்பாக்கியை அடிவரை அழுத்திச் செருகி, பட்டையைப் பெருவிரலால் நீவி நீவி இழுத்துப் பொத்தானை மாட்டிவிட்டு இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் பொத்தான் தானாகவே எட்டும். பொத்தானை மாட்டும்போது அடியில் கெட்டியான எதையாவது வைத்து அழுத்தினால் தலை நசுங்காது.

உறையைப் பழக்குகிறோம் என்று சொல்லும்போது இடுப்புவாரை மறந்துவிடுகிறோம். கடையில் கிடைக்கும் சாதாரண பெல்ட் ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரைத் தாங்காது, முறுக்கிக்கொள்ளும். அப்போது உறை வெளிப்பக்கமாகச் சாயும், உருவும் திசை கோணலாகும், கோணலாக உருவினால் எவ்வளவு நன்றாகப் பழகிய உறையும் சிக்கும். ஒன்றரை அங்குல அகலமும் இரண்டு தோல் சேர்த்துத் தைத்த கனமும் கொண்ட வார் வேண்டும், அது உறையின் துளைகளில் இறுக்கமாக நுழைய வேண்டும். புதிய உறையின் துளைகளில் வாரை நுழைப்பதே விரல் நோகும் வேலை. ஆனால் அங்கேயும் கத்தி வைத்துத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. வாரின் நுனியைச் சாய்வாகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் வந்துவிடும். பிறகு நீல வார்ப்பையோ காலித் துப்பாக்கியையோ வைத்து உறையை வீட்டில் அணிந்தபடியே நடக்க வேண்டும், உட்கார வேண்டும், படியேற வேண்டும். உடலின் சூடும் மெல்லிய ஈரமும் சேர்ந்து தட்டையாக இருந்த உறையின் பின்பகுதியை இடுப்பின் வளைவுக்கு இணங்க வளைத்துவிடும். இதை எந்தப் பட்டறையும் செய்து தர முடியாது. ஒருவர் பல ஆண்டு அணிந்த உறையை இன்னொருவர் அணிந்தால் எங்கோ குத்துவது போலிருப்பது இதனால்தான்.

இப்போது செய்யக் கூடாதவை. நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்று மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒன்று டெக்சஸின் எல்லாக் குதிரைச் சேணக் கடைகளிலும் கிடைக்கும். சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் அது அருமையான எண்ணெய், ஏனெனில் அவை நாள் முழுவதும் வளைந்து நெளிய வேண்டியவை. எண்ணெய் இழைகளுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி செய்கிறது. உறை வளையக் கூடாத பொருள். அதன் இழைகள் வழுக்கத் தொடங்கினால் எலும்புக் கருவியால் எழுப்பிய வடிவமெல்லாம் தளர்ந்துபோகும். ஆமணக்கு, தேங்காய், கடலை எண்ணெய்க்கும் இது பொருந்தும். வெளிப்புறத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை நிறமற்ற மெழுகுப் பாலிஷ் போடலாம். உள்ளே போடக் கூடாது.

சூடும் தோலுக்கு ஆகாது. நனைந்த பட்டைத் தோல் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே சுருங்கத் தொடங்கிவிடும், சுருங்கியது திரும்ப விரியாது. மழையில் நனைந்த உறையை அடுப்பருகிலோ வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடிக்குப் பின்னாலோ காயவைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். டெக்சஸ் கோடையில் காரின் உட்புறம் கொதிக்கும். நனைந்தால் துப்பாக்கியை உடனே வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, உறையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், மெதுவாகக் காயவிட வேண்டும். நீல வார்ப்பு இருந்தால் அதை உள்ளே வைத்தே காயவிடலாம், வடிவம் கெடாது.

தட்பவெப்பமும் உறையின் குணத்தை மாற்றும். ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஹூஸ்டன் பக்கத்தில் தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சற்றே பருக்கும், உறை இறுகியதாகத் தோன்றும். ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவான எல் பாசோவின் வறண்ட காற்றில் அதே உறை விறைப்பாகவும் உருவ எளிதாகவும் இருக்கும். மழைக்காலத்தில் வாங்கிய உறை இறுக்கமாக இருக்கிறது என்று அவசரப்பட்டு விரித்துவிட்டால் வறண்ட மாதங்களில் அது தளர்ந்து நிற்கும். ஆகவே பழக்குவதில் ஒரு பங்கு வேலையை எப்போதும் பயன்பாட்டுக்கே விட்டுவைக்கிறேன். மெழுகுத்தாளால் முக்கால் பங்கு இறுக்கத்தைத் தளர்த்தினால் போதும், எஞ்சியதை அன்றாடம் அணிவது பார்த்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததா என்று அறிய நான் செய்யும் சோதனை எளிது. காலித் துப்பாக்கியை உறையில் வைத்து, பட்டை இருந்தால் அதைத் திறந்துவிட்டு, மெத்தைக்கு மேலாக உறையைத் தலைகீழாகப் பிடித்து இலேசாக உலுக்குவேன். துப்பாக்கி விழக் கூடாது. பிறகு இடுப்பில் மாட்டி ஒரு கையால் உருவுவேன். வார் மேலே எழும்பாமல் துப்பாக்கி மட்டும் வர வேண்டும், முதலில் வளையம் பள்ளத்திலிருந்து விடுபடுவது கைக்குத் தெரிய வேண்டும், அதன் பின் குழல் தடையின்றி வர வேண்டும். திரும்பச் செருகும்போது மற்றொரு கையின் உதவி இல்லாமல், உறையின் வாய் திறந்து நிற்க வேண்டும். இவை மூன்றும் நடந்தால் அதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது. இன்னும் கொஞ்சம் எளிதாக வந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசையில்தான் நல்ல உறைகள் கெடுகின்றன.

பழகிவிட்ட உறையையே துப்பாக்கியின் நிரந்தர இருப்பிடமாக்குவதும் தவறு. பட்டைத் தோல் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை கொண்டது, காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நீலப்பூச்சு இரும்பை மாதக்கணக்கில் அதற்குள் விட்டால் சொறிபோலத் துரு பூக்கும். தோல் வாரின் கண்ணிகளில் செருகி வைத்த பித்தளைத் தோட்டாக்களைச் சில மாதம் கழித்து உருவிப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் மேல் படியும் பச்சைக் களிம்பு தெரிந்திருக்கும். நாளின் முடிவில் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, உறையைத் தனியே மாட்டி வைப்பது இரண்டுக்கும் நல்லது.

உறைக்கும் ஆயுள் உண்டு. அதன் வாய் துவண்டு உள்நோக்கி மடங்கத் தொடங்கிவிட்டால், திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசைக்காப்பு வளையத்துக்குள் புகுந்து விசையை அழுத்திவிடக்கூடும். துவண்ட தோலுறையால் துப்பாக்கி தானே வெடித்துக் காயப்பட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். மேலே தனியாக விறைப்புப் பட்டை வைக்காத உறைகளில் இந்த ஆபத்து அதிகம். அப்படித் துவண்ட உறையை மறுபடி நனைத்து விறைப்பாக்கலாம் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. ஒருமுறை தளர்ந்த இழை பழைய உறுதிக்குத் திரும்புவதில்லை. வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி அதை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டுப் புதிய உறையும் ஒரு சுருள் மெழுகுத்தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்.